நடுப் பட்டன் தேய்ந்த பெட்டி: சோலார் ஆடியோ பைபிள் வாங்கலாமா?

நாசரேத்தில் முப்பத்தோரு வருஷமாக ரேடியோ, டிவி, மிக்சி ரிப்பேர் பார்க்கிறேன். எந்தப் பொருள் வீட்டுக்கு வந்தாலும் முதலில் பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்ப்பதுதான் பழக்கம். இந்த ஆடியோ பைபிள் பெட்டியையும் அப்படித்தான் பார்த்தேன். 2022 அக்டோபரில், ஒரு கன்வென்ஷன் கூட்டத்து வாசலில் போட்டிருந்த கடையில் 1,450 ரூபாய்க்கு வாங்கியது. கம்பெனி பெயர் எதுவும் கிடையாது. ஒரு சிலுவைப் படம், 'தமிழ்' என்று ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

வாங்கியது என் வீட்டம்மாவுக்காக. சர்க்கரையில் சிறுநீரகம் பழுதாகி, கண்ணும் மங்கிவிட்டது. பெரிய எழுத்து வேதாகமத்தைக்கூட லென்ஸ் வைத்துத்தான் வாசிப்பாள், அதுவும் நாலு வசனத்தில் கண்ணீர் வடியும். திங்களும் வியாழனும் திருநெல்வேலியில் டயாலிசிஸ். மெஷினில் நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். திருச்செந்தூர் லைன் ரயிலில் காலையில் போய் பொழுது சாயத் திரும்புவோம். அந்த நாலு மணி நேரத்துக்கு ஏதாவது வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

உள்ளே இருப்பது ஒரு 18650 லித்தியம் செல், ஒரு சின்ன போர்டு, மூன்று வாட் ஸ்பீக்கர், ஒரு மெமரி கார்டு. கார்டில் 66 போல்டர், ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை வரிசையாக. பழைய மொழிபெயர்ப்பு, ஒரே ஆள் குரல், பின்னணி இசை இல்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. இடி மின்னல் சத்தமெல்லாம் சேர்த்து நாடகம் போல வாசிக்கிற பதிவுகளும் இருக்கின்றன. யோபு அழும்போது பின்னால் வயலின் அழுதால் எனக்குக் கேட்க முடியாது. இந்த ஆள் சேகரத்து ஐயர் (எங்கள் சபைப் போதகர்) பாடம் வாசிப்பது போல நிதானமாக வாசிக்கிறார். யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பட்டன்கள் ஐந்து. இடதும் வலதும் அதிகாரம் மாற்ற, மேலும் கீழும் புத்தகம் மாற்ற, நடுவில் இருப்பது ஓடவும் நிற்கவும். திரை கிடையாது. வசனம் தேட முடியாது. அணைத்துவிட்டுப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வாங்கின முதல் வாரம் இதை நான் பெரிய குறையாக எண்ணினேன். நாம் பழகினது அப்படி. வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (ஒரு வேத வசனம் அச்சடித்த அட்டை) எடுத்து, அதை பிரேம் போட்டு வருஷம் முழுக்கப் பார்க்கிறவர்கள் நாம். வேண்டிய வசனம் வேண்டிய நேரத்துக்கு வர வேண்டும். இந்தப் பெட்டியில் அது நடக்காது. அடுத்து என்ன இருக்கிறதோ அதுதான் வரும்.

அடுத்து என்ன வந்தது என்பதற்கு 2023 டிசம்பர் 17-ஐச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்தது என்று சொன்னால் போதாது. மறுநாள் காலை வரைக்கும் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, நூற்றுக்கணக்கான ஆட்கள் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு பொங்கிப் போட்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் கொடிக்கயிறு போலத் தொங்கியது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. கடைக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கஸ்டமர்கள் கொடுத்த பதினோரு டிவி அதற்குள்.

திங்கட்கிழமை டயாலிசிஸ் தவறிப் போயிற்று. கடைசியாகச் செய்தது 14-ஆம் தேதி வியாழன்.

டயாலிசிஸ்காரர் இருக்கும் வீட்டில் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிறுநீர் பெரும்பாலும் போகாது. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும், அப்புறம் நுரையீரலில் ஏறும். அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் கணக்கு, மாத்திரைக்குக் குடிப்பதும் சேர்த்து. மெஷின் தவறினதால் அதையும் குறைத்தேன். ஒரு 200 மில்லி டம்ளர், அதில் பாதி காலைக்கு, பாதி ராத்திரிக்கு. வாசற்படியில் தண்ணீர் அலையடிக்கிறது, உள்ளே நான் டம்ளரைத் தூக்கிப் பிடித்து அளவு பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை அவள் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே இருந்தாள்.

பெட்டியின் சோலார் பேனலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது அலங்காரம். உள்ளங்கை அகலம்கூட இல்லை. நல்ல வெயிலில் நாள் முழுக்க வைத்தால் ஒரு மணி நேரம் பாடும். சூரியனே இல்லாத மூன்று நாளில் அதை வைத்து என்ன செய்ய? ஞாயிறு காலை கரண்டில் முழு சார்ஜ் போட்டிருந்ததால் பிழைத்தோம். இருபது மணி நேரம் ஓடும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். குறைந்த சத்தத்தில் ஒன்பது மணி நேரம் வந்தது. அதுவும் தீர்ந்தபோது பரணில் கிடந்த பழைய பைக் பேட்டரியில் ஒரு 7805 ஐசி வைத்து ஐந்து வோல்ட் எடுத்துக் கொடுத்தேன். தொழில் கையில் இருந்ததால் முடிந்தது. மற்றவர்கள் ஒரு பவர் பேங்க் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ராத்திரிகளில் பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? முதலாம் நாளாகமம். வேதத்தை ஒருமுறையாவது முழுக்க வாசித்தவர்களுக்கு இப்போது சிரிப்பு வரும். ஒன்பது அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல். "ஆதாம், சேத், ஏனோஸ், கேனான், மகலாலெயேல், யாரேத்..." செவ்வாய் ராத்திரி அவள் மூச்சு வாங்குகிறாள், டார்ச் மங்குகிறது, இந்த ஆள் இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று போய்க்கொண்டே இருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பெட்டி மேல் மட்டுமல்ல. தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்களே, அந்த அன்பு இந்த ராத்திரி எங்கே போனது, ஒரு ஆறுதல் வசனத்துக்குக்கூடவா வழியில்லை என்று நினைத்தேன். நடுப் பட்டனை அமுக்கி நிறுத்தினேன். அமுக்கினேன் என்பதைவிட அடித்தேன் என்பதே சரி.

"ஏங்க, போடுங்க" என்றாள்.

"வெறும் பேருதானே வருது. சங்கீதப் புத்தகத்துக்கு மாத்தட்டுமா?"

"வேண்டாம், இதே ஓடட்டும். இத்தனை பேரையும் ஒருத்தரை விடாம எழுதி வச்சிருக்காரு, பாருங்க."

அதற்கு மேல் அவளுக்குப் பேச மூச்சில்லை. போட்டுவிட்டேன். ஜெபத்தால் பேர் பெற்ற யாபேஸ் ஒருவனைத் தவிர பெரும்பாலும் யாரென்றே தெரியாத ஆட்கள். ஒருத்தன் வாசல் காவல்காரன், ஒருத்தன் பாடகன், ஒருத்தன் அப்பம் சுடுகிறவன். விடிகிற வரைக்கும் பெயர்களைக் கேட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த ராத்திரி விசுவாசம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அவளுக்கு இருந்தது, அதன் ஓரத்தில் நான் ஒண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஒரு டிராக்டரில் ஏற்றி, அப்புறம் ஒரு வேனில் சாத்தான்குளம் பக்கமாகச் சுற்றி, திருநெல்வேலி போய்ச் சேர்ந்தோம். ஏழு நாள் இடைவெளி. மெஷினில் நாலு கிலோவுக்கு மேல் தண்ணீர் எடுத்தார்கள்.

பிறகு ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்" என்ற ஏசாயா 43 வசனம் அன்றைக்கு ராத்திரி ஓடியது என்று நான் சொல்லுவேன் என எல்லாரும் எதிர்பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. நாளாகமம் என்றதும் ஒரு பெரியம்மா, "சரி, கர்த்தர் நல்லவர்" என்று முடித்து அடுத்த பாட்டை எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பெட்டியின் மிக நல்ல பகுதி அந்த நடுப் பட்டன்தான் என்று எனக்குத் தெரிந்தது அடுத்த மாதம். டயாலிசிஸ் வார்டில் ஆளுக்கொரு காதில் இயர்போன். (ஜாக்கில் இடது பக்கம் மட்டும்தான் கேட்கும். இரண்டு பக்கத்தையும் நான் உள்ளே சேர்த்து சால்டர் செய்தேன். நீங்களும் ஏதாவது கடையில் கொடுத்துச் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை.) சங்கீதம் 88 ஓடியது. எனக்கு ஐம்பத்தொன்பது வயது, ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன், இந்தச் சங்கீதத்தை ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஸ்தோத்திரத்தில் போய் நிற்கும். இது நிற்காது. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடும். முடிந்த இரண்டே நொடியில் பெட்டி அடுத்ததற்குப் போய், "கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன்" என்று ஆரம்பித்தது.

அவள் கையை நீட்டினாள். "நிறுத்துங்க. கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும்."

நிறுத்தினேன். அன்றைக்கு மீதி இருந்த ஒன்றரை மணி நேரமும் அப்படியே இருந்தோம். பக்கத்துப் படுக்கை மெஷின் அலாரம் அடிக்கிறது, நர்ஸ் வந்து ட்யூபைத் திருகிவிட்டுப் போகிறார். வியாழக்கிழமை 88-ஐ மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள். ஒரு மனுஷன் இவ்வளவு கசப்பாகப் பேசியும் அதன் முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் இருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். குறை சொல்லுகிறவன் யாரிடம் சொல்லுகிறான் என்பது அந்த வரியில் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமைதான் 89-க்குப் போனோம்.

இன்னொன்று. எங்கள் வீட்டுச் சுவரில் அந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம், ரோஜாப்பூ போட்டு. தமிழ்நாட்டில் இது இல்லாத கிறிஸ்தவ வீடு உண்டா? ஆனால் பெட்டி பதினோராம் வசனத்தைத் தனியாக வாசிக்காது, பத்தாம் வசனத்தை வாசித்துவிட்டுத்தான் வரும். அதில் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. எழுபது வருஷம்! இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். அதைக் கேட்ட பெரியவர்கள் பெரும்பாலும் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது வீடு கட்டு, தோட்டம் நாட்டு, அங்கேயே குடியிரு என்பது. இதைக் கேட்டதிலிருந்து "விசுவாசித்தால் சுகம், கிட்னி புதுசாகும்" என்று வீட்டுக்கு வந்து சொல்லுகிறவர்களிடம் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. காபி கொடுத்து அனுப்பிவிடுகிறேன். அவள் கிட்னி புதுசாகவில்லை. திங்களும் வியாழனும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். ஆன் செய்தவுடன் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் 'பவர் ஆன்' என்று முழுச் சத்தத்தில் கத்தும். வார்டில் முதல் நாள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஸ்பீக்கரோடு ஒரு 10 ஓம் ரெசிஸ்டரை சீரியலில் போட்டு அடக்கினேன். சங்கீதம் 119 பாதியில் நின்றுவிடுகிறது, பைல் குறை. 176 வசனத்தில் ஏறக்குறைய நூறுதான் கிடைக்கும். வாரண்டி ஒரு வருஷம் என்று அட்டையில் இருக்கிறது, கொடுத்த நம்பர் ஒருநாளும் எடுக்கப்படவில்லை. செல் ஒன்றரை வருஷத்தில் வீணாகிப் போனது. மாற்று செல் அப்போது 150 ரூபாய்க்குக் கிடைத்தது, நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். முக்கியமாக, வாங்கின அன்றைக்கே மெமரி கார்டை ஒரு கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வையுங்கள். இந்தக் கார்டுகளை நம்ப முடியாது.

வாங்கலாமா என்றால், கண் தெரியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். சோலாருக்காக இருநூறு முந்நூறு கூடக் கொடுக்க வேண்டாம், சாதா மாடலே போதும். போனில் செயலி இருக்கிறதே என்பீர்கள். போனில் எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாது. இதில் நடுப் பட்டன் கைக்குத் தட்டுப்படும். அதன் மேலிருந்த வெள்ளை முக்கோணம் முழுக்கத் தேய்ந்துவிட்டது.

போன வாரம் ஒருவர் இதே பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து, ஆறுதல் வசனங்களை மட்டும் தனி கார்டில் போட்டுத் தர முடியுமா, நடுவில் வேண்டாததெல்லாம் வருகிறது என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன், எண்பது ரூபாய் வாங்கினேன். பழைய கார்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து, பேட்டரி மூடிக்குள் ஒட்டி அனுப்பினேன்.