முன் டிஸ்க் மாற்றும் வேலை: கம்பெனி சர்வீஸ், லேத், வெளி மெக்கானிக், இதில் எது தேறும்?

சின்னக் கார்களின் முன் பிரேக் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, சாதாரணமாக இரண்டு மூன்று செட் பேடை (அதை இருபக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகளை) தின்றுவிட்டுத்தான் ஓயும். முழுக்க நகர ஓட்டம் என்றாலும் 60,000 கிலோமீட்டர் வரும். 25,000-லேயே "டிஸ்க் போயிடுச்சு சார், ரெண்டும் மாத்தணும்" என்று சொன்னால், குற்றவாளி டிஸ்க் இல்லை. அதைத் தின்ற காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடாமல் புது டிஸ்க் மாட்டுகிற சர்வீஸ் எந்த ஊரில், எந்தப் பலகைக்குக் கீழே நடந்தாலும் எங்கள் மதிப்பெண் குறைவுதான்.

முதலில் செலவு. ஸ்விஃப்ட், ஐ10 ரகக் கார்களுக்கு ஒரிஜினல் முன் டிஸ்க் ஒன்று ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ரூபாய். பேட் செட் 1,200 முதல் 2,500. கூலி 600 முதல் 1,500. ஆக மொத்தம் 5,000-லிருந்து 10,000-க்குள் முடிய வேண்டிய வேலை. இதைத் தாண்டினால் பில்லை வரிவரியாகப் படியுங்கள்: காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஓவர்ஹால், பிரேக் கிளீனிங், கிரீசிங் என்று தனித்தனியாக ஏறியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. பழைய எம்ஆர்பி ஸ்டிக்கரோடு ஸ்டாக் வந்தால் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பாகம் அசல், அதில் சந்தேகமில்லை. குறை அளவெடுப்பதில். டிஸ்க்கின் விளிம்பில் தேயாத ஒரு வரம்பு நிற்கும். சாதாரண வெர்னியரை அதன் மேல் வைத்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். விரலால் வரம்பைத் தடவிப் பார்த்தே தீர்ப்புச் சொல்பவர்களும் உண்டு. மைக்ரோமீட்டரை வரம்புக்கு உள்ளே வைத்து, சுற்றிலும் ஆறெட்டு இடத்தில் அளக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் நடுக்கிண்ணத்திலோ விளிம்பிலோ பொறித்திருக்கும். பொதுவாகப் புதியதைவிட 2 மில்லிமீட்டர் குறையும் வரைதான் அனுமதி. அளவு அதற்கு மேலே இருந்து, மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஆடுவது மட்டுமே புகார் என்றால் உடனே மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

அந்த ஆட்டத்தை "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்பார்கள். உண்மையில் வளைவது அபூர்வம். ஹப்புக்கும் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பாகம்) டிஸ்க்குக்கும் நடுவே துரு உட்கார்ந்தாலோ, வீல் நட்டை ஏர் கன்னில் தாறுமாறாக இறுக்கினாலோ டிஸ்க் லேசாகக் கோணி ஓடும். அந்தக் கோணல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தைப் பேடில் உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். சுற்றிலும் தடிமன் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டாலே பெடலில் அதிர்வு தெரியும்.

இதனால்தான் டிஸ்க்கின் முகத்தைக் கடைந்து சமமாக்கும் லேத் வேலை ஏமாற்றுகிறது. டிஸ்க்குக்குச் சில நூறு ரூபாயில் முடிகிறது, முகம் கண்ணாடிபோல் வருகிறது. ஆனால் ஹப்பின் துரு காரிலேயே இருக்கிறது, கோணல் திரும்பி வருகிறது. போதாததற்கு, லேத்தின் சக்கில் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக் கடைந்தால் அந்தப் பிடிப்பின் பிசகு டிஸ்க்கில் ஏறும். ஒரு பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர் சீவினாலே மொத்தத்தில் 0.6 போய்விடும், மீதி ஆயுள் எவ்வளவு? டிஸ்க்கைக் கழற்றாமல் காரிலேயே கடையும் மெஷின் உள்ள இடமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். விலை குறைந்த சின்னக் கார் டிஸ்க்குக்கு லேத் வீண்.

எங்கள் ஓட்டு மூன்றாவது வழிக்கு: சென்னை ஜி.பி. ரோட்டில் பில்லோடு ஒரிஜினல் டிஸ்க் வாங்கி, டயல் கேஜ் (கோணலை அளக்கும் கருவி) வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் மாட்டுவது. அவரைத் தேர்ந்தெடுக்க வேறு கேள்வியே வேண்டாம், "ரன்அவுட் பார்ப்பீங்களாண்ணே?" என்று கேட்டால் போதும், டிஸ்க் சுற்றும்போது வரும் கோணலுக்குத்தான் அந்தப் பெயர். வேலை தெரிந்தவர் கழற்றும்போது சுத்தியலால் அடிக்க மாட்டார். பல டிஸ்க்குகளில் எட்டு எம்எம் போல்ட் ஏறும் மரை போட்ட இரண்டு துளைகள் அதற்கென்றே இருக்கின்றன. இரண்டிலும் போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் துருப்பிடித்த டிஸ்க் 'டக்' என்று விடும். பிறகு ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேய்க்க வேண்டும். புது டிஸ்க்கின் துரு காக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். எல்லா நட்டையும் போட்டு இறுக்கி, விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் 0.05 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். தாண்டினால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகும். கடைசியில் டார்க் ரெஞ்ச், அளவு வைத்து நட்டை இறுக்கும் ஸ்பேனர். காரைப் பொறுத்து 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், குறுக்கு வரிசையில்.

சீக்கிரம் தேய்ந்ததன் காரணம் பழைய பேடிலேயே எழுதியிருக்கும். உள்பக்கப் பேட் மட்டும் கரைந்திருந்தால் காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைட் பின் இறுகியிருக்கலாம், பேடைத் தள்ளும் பிஸ்டன் பின்வாங்காமல் நிற்கலாம். பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்தான். பேரிங் கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும், இந்தத் தவறு எங்கும் நடக்கிறது. ஒரே சக்கரத்தில் இரண்டு பேடும் போயிருந்தால் ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டுக் கையால் சுற்றுங்கள். இழுத்துப் பிடித்தால் காலிப்பரின் ப்ளீடர் நட்டை (பிரேக் ஆயிலை வெளியே விடும் நட்டு) சற்றுத் தளர்த்துங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் பழுது ஆயில் வரும் ரப்பர் ஹோஸில், உள்ளே சதை வளர்ந்து ஆயில் திரும்பாமல் அடைக்கிறது. விடுபடாவிட்டால் பிஸ்டன் அல்லது பின். ஹோஸோ சீல் கிட்டோ டிஸ்க் செலவில் ஒரு பங்குதான் வரும். வாரண்டியில் டிஸ்க், பேட் இரண்டும் தேய்மானக் கணக்கில் தள்ளப்படும், ஆனால் காலிப்பரே பழுது என்று எழுத்தில் வாங்கினால் பேச இடம் உண்டு.

துளை போட்ட, கீறல் போட்ட டிஸ்க்குகள் தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம், பேடைத்தான் சீக்கிரம் தின்னும். கடலோரத்தில் கார் நிற்கிறது என்றால் பிரெம்போவின் பூச்சுப் போட்ட டிஸ்க்குக்குக் கூடுதல் விலை தகும், கிண்ணமும் விளிம்பும் துருவேறாமல் தாங்கும். பேடில் சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா கம்பெனியின் 'டிவிஎஸ் அப்பாச்சி' பேடோ ரானே பேடோ போதும். டிஸ்க் எப்போதும் ஜோடியாக, பேடும் புதிதாக.

மாட்டியவுடன் 60-லிருந்து 20 வரை மிதமாக மிதித்து வேகம் குறைப்பதை இருபது முறையாவது செய்யுங்கள், முழுசாக நிறுத்தாமல். சூடாக இருக்கும்போது சிக்னலில் பெடலை அழுத்திக்கொண்டே நின்றால் பேட் அந்த இடத்தில் படிந்து, மறுபடி அதிர்வு ஆரம்பிக்கும்.