கால் மைல் ஓட்டம்: மின்சாரக் காரா, பெட்ரோல் காரா?

கும்பகோணம் டீக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தால் பெட்ரோல் கட்சிக்குத்தான் சத்தம் அதிகம். ஆனால் கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டில் முதல் சில நொடிகள் மின்சாரக் காருடையவை. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு டார்க்கையும், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசையையும், தந்துவிடும். கியர் மாற்றுகிற வேலையும் இல்லை. பெட்ரோல் இன்ஜினுக்கு ஆர்பிஎம் (சுழலும் வேகம்) ஏற வேண்டும், கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் டர்போ விழிக்க வேண்டும், கிளட்ச் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் பாய்ச்சல். டாடா நெக்ஸானையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் டார்க் 170 நியூட்டன் மீட்டர். மின்சாரத்தில், பெரிய பேட்டரி வைத்ததில், 215. பேட்டரியால் எடை கூடினாலும் கிளம்பும்போது அது தெரியாது.

வேகம் ஏற ஏறக் கதை மாறும். ஒற்றை கியர் மோட்டாரின் இழுவை மேலே போகப் போகக் குறையும். வலுவான பெட்ரோல் கார் அங்கே நெருங்கிவிடும். சித்திரை வெயிலில் அடுத்தடுத்து விரட்டினால் பேட்டரி சூடாகி, கார் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பெட்ரோலுக்கு டேங்கை நிரப்பினால் போதும். உறுமலும் அதற்குத்தான் சொந்தம், சரி.

நெல் காயவைக்கிற தஞ்சாவூர்ச் சாலைகளில் இதைச் சோதிக்க வேண்டாம். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடமே இருக்கிறது. அங்கே கால் மைலுக்குப் பந்தயம் கட்டச் சொன்னால் மின்சாரத்துக்குத்தான் கட்டுவேன். தூரத்தை ஒரு மைலாக நீட்டினால் கொஞ்சம் யோசிப்பேன்.