கணப்புக்கு இன்சர்ட் பொருத்தப் போகிறவர்கள் மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் படிக்கவும்

மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுத்து நான் வாங்கியது ஓர் இரும்புப் பெட்டியும் அதன் தலையில் செருகிய முழ நீளக் குழாயும் மட்டுமே என்பது, புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர் இன்று காலை கேமராவை உள்ளே விட்டுக் காட்டியபோதுதான் தெரிந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

திறந்த கணப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவே போய்விடுகிறது என்பதால், கணப்புக்குள் செருகி வைக்கும், கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பான இன்சர்ட் ஒன்றைப் பொருத்த முடிவு செய்து, அடுப்புகளை மட்டுமே விற்கும் ஒரு கடையை அணுகினேன். புகைபோக்கிக்குள் இறக்கும் எஃகுக் குழாயான லைனர் அதன் உச்சி வரை போகும் என்றும், புகை வழியைத் திறந்து மூடும் டேம்பர் இருக்கும் இடத்தைத் தகடு வைத்து அடைத்துவிடுவோம் என்றும் கடைக்காரர் வாய் நிறையச் சொன்னார். வேலை முடிந்த அன்று, பொருத்த வந்தவர் தரையில் மண்டியிட்டு, டார்ச் அடித்து, "பாருங்கள், புதுக் குழாய் எப்படி மின்னுகிறது! என் வீட்டுக்குச் செய்வதைப் போலத்தான் செய்திருக்கிறேன்" என்றார். மின்னத்தான் செய்தது. மீதிப் பணம் முழுவதையும் அந்த இடத்திலேயே கொடுத்தேன்.

குளிர் தொடங்கியதும் கண்ணாடி கறுத்தது, கதவைத் திறந்தால் புகை அறைக்குள் புரண்டது, அறையோ சூடேறவே இல்லை. கடையில் கேட்டால் விறகு ஈரம் என்றார்கள். விறகைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியைக் குத்திப் பார்த்து, 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பதைப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே காரணம் மாறிவிட்டது: காற்று வீசும் திசை சரியில்லையாம், புது அடுப்பு பழகச் சில காலம் ஆகுமாம். பிறகு பொருத்தியவரைக் கேளுங்கள் என்று கடையும், கடையைக் கேளுங்கள் என்று பொருத்தியவரும் பந்தாடினார்கள். உத்தரவாதம் பெட்டிக்கு மட்டும்தான் என்று கடைசியாகச் சொன்னவர்கள், அதன் பின் தொலைபேசியை எடுப்பதே இல்லை. மூன்று மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கு ஒரு பதில் சொல்ல நேரமில்லை!

கேமராவில் கண்டது இதுதான். குழாய் டேம்பருக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அடைப்புத் தகடு என்பதே கிடையாது. அகலமான பழைய செங்கல் துளைக்குள் புகை பரவிக் குளிர்ந்து, புகையை மேலே இழுக்கும் இழுவை குறைந்து, கிரியோசோட் என்ற எரியக்கூடிய புகைக்கசடு சுவரெங்கும் தார் பூசியதைப் போலப் பளபளவென்று இறுகிக் கிடக்கிறது. இது தீப்பற்றினால் புகைபோக்கியே எரியும் என்றார் வந்தவர். அதற்குக் கீழேதான் இத்தனை நாள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்சர்ட்டின் செயல்திறனைக் கூட்டும் வழிகளை விரிவாக எழுதவே தொடங்கினேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. லைனர் உச்சி வரை, அடைப்புத் தகடு உண்டு என்ற இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். குழாயின் மேல்முனையைக் கண்ணால் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால், கதவு ஓரத்தில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் கயிறு சரியில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீட்டில் ஓர் இரவுகூட விறகு எரிக்காதீர்கள்.