தரைக்கடியில் கரைப்பான் ஆவி: தடுப்பதா, உறிஞ்சுவதா, தோண்டுவதா?

ட்ரை கிளீனிங் கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனால் அங்கே சிந்திய பெர்குளோரோஎத்திலீன் என்ற சலவைக் கரைப்பான் மண்ணை விட்டுப் போயிருக்காது. தண்ணீரைப்போல் 1.6 மடங்கு கனம் என்பதால் திரவம் கீழே இறங்கிக்கொண்டே போகும். அதன் ஆவியோ காங்கிரீட் விரிசல்களிலும் குழாய் நுழையும் துளைகளிலும் புகுந்து மேலே உள்ள கடைக்குள் வந்துவிடும்.

அறைக்குள் கரி வடிகட்டி வைப்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். கரி நிரம்பியதும் அது வெறும் விசிறிதான். வேறு ஏற்பாடு தயாராகும்வரை ஒப்பேற்றலாம், அவ்வளவே.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும் இடையில்தான். ஒன்று, தளத்தில் துளையிட்டு, அடியில் சிறு குழி பறித்து, குழாயைக் கூரைக்கு மேல்வரை ஏற்றி விசிறியால் இழுப்பது. மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானைத் தடுக்கப் பழகிய உத்தி இது. தளத்துக்கு அடியில் உள்ள அழுத்தம் அறையைவிடச் சில பாஸ்கல் குறைந்தால் போதும், ஆவி உள்ளே வராது. பெரும்பாலும் கடையை மூட வேண்டியதில்லை. குழாயில் பொருத்திய யு வடிவக் குழலில் வண்ண நீர் ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் நிற்கும். இரண்டும் சமமாகிவிட்டால் விசிறி நின்றுவிட்டது என்று பொருள். குறை என்னவென்றால், மண் அப்படியே அழுக்காக இருக்கும். விசிறி ஆண்டுக்கணக்கில் ஓடியாக வேண்டும். அடியில் அஸ்திவார விட்டங்கள் குறுக்கிட்டால் ஒரே குழி எல்லா அறைகளுக்கும் எட்டாது.

மற்றொன்று, மண்ணுக்குள் கிணறுகள் இறக்கி, வலுவான வெற்றிடத்தால் ஆவியை உறிஞ்சிக் கரித்தொட்டியில் பிடிப்பது. இது அழுக்கையே அகற்றுகிறது. மணற்பாங்கான மண்ணில் அருமையாக வேலை செய்யும். களிமண்ணில் காற்றே நகராது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இதனால் பயனில்லை. இதில் ஏமாந்துபோகும் இடம் ஒன்றும் உண்டு. சில மாதங்களில் ஆவியின் அளவு விழும், எல்லோரும் மகிழ்ந்து இயந்திரத்தை நிறுத்துவார்கள். மண்ணின் இடுக்குகளில் தங்கியது மெல்லக் கசிந்து அளவை மீண்டும் ஏற்றிவிடும். ஆகவே நிறுத்திச் சில வாரங்கள் கழித்து அளக்காத வெற்றியை நான் நம்புவதில்லை.

தோண்டி எடுப்பது? அழுக்கு ஆழமின்றி, கட்டடத்துக்கு வெளியே, சிறிய இடத்தில் இருந்தால் அதற்கு ஈடில்லை. கட்டடத்துக்கு அடியில் என்றால் இடிக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆட்கள் வேலை செய்யும் கட்டடமானால் என் வரிசை இதுதான்: முதலில் தளத்தடி விசிறி, பிறகு மண் இடம்கொடுத்தால் உறிஞ்சு கிணறு. ஆவி, உலோகப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானுடையது என்றால் தாமதமே கூடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

அறைக் காற்றை மட்டும் அளந்து விலை சொல்ல வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அலமாரியில் இருக்கும் பசை டப்பாவும், சலவையிலிருந்து அன்றைக்கே வந்த கோட்டும்கூட அதே ஆவியை விடக்கூடும். தளத்துக்கு அடியிலும் அதே நாளில் மாதிரி எடுத்தாரா என்று கேளுங்கள்.