குற்றாலம் சீசன்: அறையும் எண்ணெய்க் குளியலும்

ஆனி, ஆடியில் குற்றாலம் வருகிறவர்கள் அறையில் ஏசி உண்டா என்று முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, ஈரத்துணி காயப்போட இடம் உண்டா என்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலைத் தூவிக்கொண்டே இருக்கும். ஆளுக்கு நாளைக்கு மூன்று குளியல் என்றால் நாலு பேர் வீட்டில் பன்னிரண்டு செட் ஈரத்துணி சேரும். அடைத்த அறையில் மின்விசிறிக்குக் கீழே விரித்தால் மறுநாள் முடைநாற்றம்தான் மிஞ்சும். கூரை போட்ட வராந்தாவும் கொடிக்கயிறும் உள்ள விடுதிக்குக் கூடுதல் வாடகை கொடுக்கலாம், தகும்.

பேரருவியை ஒட்டிய பழைய பங்களாக்கள் இந்த வகையில் இன்றும் உசத்தி. உயரமான ஓட்டுக் கூரை, தடித்த சுண்ணாம்புச் சுவர், சுற்றி வராந்தா. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசிப் பெயிண்ட் அடித்த இடங்களில் ஈரம் உள்ளே அடைபட்டு, சுவர் பொரிந்து உதிரும். மெத்தையிலும் பூஞ்சை வாடை ஏறும். அதனால் முன்பணம் கொடுக்குமுன் கட்டிலுக்குப் பின்பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், தலையணையை மோந்து பாருங்கள். மேற்குப் பார்த்த சன்னல் காட்சிக்கு அழகு, ஆனால் சாரல் படுக்கை வரை அடிக்கும். சன்னலுக்குக் கம்பிவலை இல்லையென்றால் பழம், பிஸ்கட் எதையும் மேசையில் வைக்க முடியாது, குரங்கு வந்துவிடும்.

இனி எண்ணெய். மசாஜ் போடுகிறவர் அறைக்கே வருவார். நல்லெண்ணெயை நீங்களே சீல் உடைக்காத பாட்டிலாக வாங்கிவையுங்கள். ஆளுக்கு 150 முதல் 200 மில்லி போதும். அவர் கொண்டுவரும் எண்ணெய் பல கை பட்டதாக இருக்கலாம். உச்சந்தலையில் தொடங்கி, பிடரி, தோள், முதுகு, கை, கால் என்று இறங்க வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறைந்தால் அது வெறும் தடவல்தான். கழுத்தைச் சொடக்கு எடுப்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். நரம்பு, ரத்தக்குழாயில் அடிபட வழி உண்டு. கூலியை உட்காருமுன் பேசிவிடுவது நல்லது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காய்ச்சல், சளி இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

பலரும் தவறுவது அடுத்த கட்டத்தில். எண்ணெய் சொட்டச் சொட்ட அருவிக்குப் போகக் கூடாது. அருவிக்குள் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எல்லாவற்றுக்கும் தடை உண்டு. பாறையில் எண்ணெய் படிந்தால் பின்னால் வருகிறவர் வழுக்கி விழுவார். இது அடிக்கடி நடக்கிற விபத்து. இருபது நிமிடம் ஊறவிட்டு, அறையிலேயே வெந்நீரும் சீயக்காயும் போட்டு எண்ணெய் இறங்கிய பிறகு அருவிக்குக் கிளம்புங்கள். ஆகவே காலை ஐந்து மணிக்கு வெந்நீர் வருமா என்பது விடுதியில் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி.

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். இடையில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக் குழியில் விழுந்து வழிவதால் வேகம் தணிந்து வருகிறது, அதனால்தான் அடியில் நிற்க முடிகிறது. அப்படியும் உச்சந்தலையை நேராகக் கொடுக்காமல் தோளையும் முதுகையும் கொடுங்கள், பிடிகம்பியை விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவி ஏற்றது. கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் விடிகாலையில் ஐந்தருவிக்குப் போகலாம்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. இரவில் செங்கோட்டை அருகே பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும், பகலில் சாலையோர மங்குஸ்தான், ரம்புட்டான்.

தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகி, சருகும் குச்சியும் வந்தால் காவலர் விசில் ஊதும்வரை காத்திருக்கக் கூடாது, அந்த நொடியே வெளியேற வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் வந்த திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனைக் கொண்டுபோனது. கீழே மழை இல்லாவிட்டாலும் மலைமேல் பெய்திருக்கும். அருவியில் தடை போட்ட நாளுக்கு வாடகையைத் திருப்பித் தருவார்களா, வேறு தேதிக்கு மாற்றுவார்களா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.