ஆர்.சி. இறந்தவர் பெயரில்: வாரிசு பெயருக்கு மாற்றி விற்பதா, அப்படியே கைமாற்றுவதா?

டி.என். 58, 59, 64 என மதுரை வண்டி எதுவானாலும், உரிமையாளர் இறந்தபின் அதை விற்க மூன்று வழி சொல்வார்கள். வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றிவிட்டு விற்பது முதல் வழி. வாரிசுகள் எல்லோரும் எழுதிக்கொடுத்து வண்டியைக் கைமாற்றிவிட்டு, பேர் மாற்றத்தைப் பிறகு பார்ப்பது இரண்டாவது. இறந்தவரே விற்றதுபோல, விற்பனைக்கான பெயர் மாற்றப் படிவங்களான 29, 30-இல் அவர் கையெழுத்தைப் போட்டுவிடுவது புரோக்கர் சொல்லும் மூன்றாவது.

மூன்றாவதைப் பேசவே வேண்டாம், அது கள்ளக் கையெழுத்து. இறப்புச் சான்றின் தேதியை யாராவது படிவத்தோடு ஒப்பிட்டால் தீர்ந்தது.

இரண்டாவதில் காசு உடனே கைக்கு வரும், அவ்வளவுதான் லாபம். ஆர்.சி. மாறாத வரை பதிவேட்டில் இறந்தவர் பெயரே இருக்கும். விபத்து இழப்பீட்டில் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவர் எங்கோ இடித்தால் நோட்டீஸ் வாரிசுகளைத் தேடி வரும். இன்சூரன்ஸும் கை கொடுக்காமல் போகலாம்: இறந்த நாளிலிருந்து 3 மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், எது முந்தியதோ அதுவரைதான் பழைய பாலிசி நிற்கும்.

முதல் வழியில் அலைச்சல் அதிகம், ஆனால் கார் என்றால் இதுதான் சரி. இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தர வேண்டும். 3 மாதத்துக்குள் படிவம் 31, அதாவது இறந்தவர் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றும் விண்ணப்பம். கூடவே ஆர்.சி., இறப்புச் சான்று, இன்சூரன்ஸ், வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரம். பெயர் மாற்றக் கட்டணம் பைக்குக்கு 150, காருக்கு 300 ரூபாய். ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம் தனி. இரண்டு முறை பேர் மாற்றும் செலவு பெரிதல்ல. நாள் தின்பது வாரிசுச் சான்றுதான். இ-சேவையில் பதிந்தபின் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து தாசில்தார் தர வேண்டும். அதனால் காரியம் முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள்.

இங்கே பலர் சறுக்குவது இறந்தவரின் தாயாரை விட்டுவிடுவதில். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு அவரும் முதல் வகுப்பு வாரிசு. கட்டிக்கொடுத்த மகளும் அப்படியே. ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஃபைல் திரும்பிவிடும். 2021-க்குப் பின் ஆர்.சி.யில் நாமினி சேர்த்திருந்தால் இந்த அலைச்சல் பெரும்பாலும் மிச்சம்.

பைனான்ஸ் வண்டி என்றால் கடனை அடைத்து, கடன் கொடுத்தவரிடம் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள எச்.பி. என்ற கடன் பதிவைக் கேன்சல் செய்யாமல் எதுவும் நகராது. கடனோடு ஆயுள் காப்பீடு சேர்த்து எடுத்திருந்தாரா என்று முதலில் கேளுங்கள். பாக்கியை அதுவே அடைக்கலாம். இன்னொன்று, இறந்தவரின் சிம்மை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள், ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும். நிலுவை அபராதங்களையும் முன்பே கட்டிவிடுங்கள்.

மனைவி, பிள்ளை, பெற்றோர் பெயருக்கு வண்டி மாறினால் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) அவர்களுக்கு மாறும். இரண்டாவது வழியில் அது போய்விடும்.

விலை போகாத பழைய மொபெட்டுக்கு இத்தனை பாடு எதற்கு என்று காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். போடுவதானால் அரசிடம் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் போட்டு, 14 நாளுக்குள் ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் அந்த நம்பர் பிளேட் வேறொரு வண்டியில் ஏறி ஓடும்.