வார்டுக்குள் வரும் புத்தக வண்டி: நல்ல சேவை, புத்தகத் தேர்வுதான் சரியில்லை

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, குறையும் சொல்லப் போவதால் பேர் வேண்டாம். மாமனாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், நான்தான் அட்டெண்டர். அங்கே நோயாளிகளுக்கென்று ஒரு லைப்ரரி இருக்கிறது. ரூம் சின்னதுதான், ஆனால் சாயங்காலம் புத்தகத்தை வண்டியில் வைத்து வார்டுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வருகிறார்கள் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். மேல் தட்டில் வாரப் பத்திரிகைகள், கீழே புத்தகங்கள். டெபாசிட் கிடையாது, நோட்டில் பேரும் பெட் நம்பரும் எழுதினால் போதும்.

1931-இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினாரே, அதே யோசனைதான். வர முடியாதவரிடம் புத்தகம் போகிறது.

சரி, குறைக்கு வருகிறேன். யாரோ வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்ததெல்லாம் வண்டியில் இருக்கிறது. ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, மல்லாந்து படுத்திருக்கிற மனுஷர் செங்கல் கனத்தில் இருக்கிற சரித்திர நாவலை எப்படித் தூக்கிப் பிடிப்பார்? எழுத்தும் பொடி. சிறுகதைத் தொகுப்பு மாதிரி மெல்லிசாக இருப்பதெல்லாம் வண்டி கடைசி பெட்டுக்கு வருவதற்குள் காலி. மாமனாருக்குக் கிடைத்த ஒன்றில் முன்னால் படித்தவர் அடையாளத்துக்கு வைத்த காலி மாத்திரை அட்டை பாதியில் நின்றது. "மனுஷன் முடிக்காமலே டிஸ்சார்ஜ் ஆயிட்டான் போல" என்று சிரித்தார்.

சுத்தத்தில் குறை இல்லை. பிளாஸ்டிக் அட்டையைத் துடைத்துத்தான் தருகிறார்கள். தனிமை வார்டுக்கு வண்டி போவதில்லை, அங்கே திருப்பித் தர வேண்டாத பழைய பத்திரிகைகள் மட்டும். அது நியாயம்தான்.

இன்னொன்று. காந்தி ரோட்டில் லாட்ஜ், மெஸ் என்று பார்த்த இடமெல்லாம் பெங்காலி போர்டு. வண்டியிலோ ஒரு பெங்காலி புத்தகம் கூட இல்லை. பக்கத்து பெட் கொல்கத்தாக்காரர் தமிழ்ப் பத்திரிகையில் படம் மட்டும் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். டிஸ்சார்ஜ் கவுன்டர் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தால், காட்பாடியில் ரயில் ஏறப் போகிறவர்கள் படித்து முடித்ததைப் போட்டுவிட்டுப் போவார்களே!

போகிறவர்கள் மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை வண்டி வராது, சனிக்கிழமையே இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.